ஹைருன் பீவி எடுத்துக் கொடுத்த புழுக்கள்

தென்காசியில் ஆடறுக்கும் கூடமொன்றில் ஹைருன் பீவிக்குக் குடல் கழுவுகிற வேலை. பன்னிரண்டு வருஷமாக அதுதான். விடியும்போது அறுப்பு தொடங்கும். எட்டு மணிக்குள் குடலெல்லாம் கறிக்கடைகளுக்குப் போய்ச் சேர வேண்டும். 'பீவி கழுவினதா?' என்று கேட்டு வாங்குகிற கடைக்காரர்கள் உண்டு.

செம்மறியின் கடைசி இரைப்பையைக் கீறினால் சில நாள் உள்ளே புழு கிடக்கும். நூல் கனம், விரற்கடை நீளம், சிவப்பும் வெள்ளையுமாக முறுக்கின மாதிரி. மழைக்காலத்தில் கொத்துக் கொத்தாக இருக்கும். தாடைக்குக் கீழே நீர் கோத்து வருகிற ஆட்டில் இன்னும் அதிகம். எல்லாரும் தண்ணீரை அடித்துச் சாக்கடையில் தள்ளுவார்கள். பீவியும் அப்படித்தான் தள்ளிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் காலை ஐஸ் பெட்டியோடு ஷெர்லின் வந்தார். ஆலங்குளத்துக்காரர், கால்நடை மருத்துவர், திருநெல்வேலியில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. அந்தப் புழுக்கள்தான் தனக்கு வேண்டும், ஆயிரக்கணக்கில் வேண்டும் என்றதும் கூடத்தில் ஒரே சிரிப்பு. பீவி மட்டும் சிரிக்கவில்லை.

"எதுக்கு டாக்டரம்மா?"

"ஆட்டுக்குத் தடுப்பூசி செய்யப் பாக்குதோம்க்கா. பூச்சி மருந்து குடுத்துக் குடுத்து இப்பம் புழு மருந்துக்குக் கேக்க மாட்டேங்குது. இந்தப் புழு ஆட்டு ரத்தத்தைக் குடிச்சுதான் வாழுது. அதோட குடல் உள்பரப்புல ஒரு புரதம் இருக்கு. அதைப் பிரிச்செடுத்து ஆட்டுக்கு ஊசியா போட்டா, ஆட்டு ரத்தத்துல அதுக்கு எதிர்ப்புப் பொருள் உண்டாகும். பொறவு புழு குடிக்கிற ரத்தத்தோட எதிர்ப்பும் உள்ள போயி அந்தப் புரதத்துல ஒட்டிக்கிடும். புழுவுக்குச் செரிக்காது. பட்டினியில விழுந்துரும்."

பீவி கொஞ்சம் யோசித்தார். "அப்போ, குடிக்க விட்டே கொல்லுதிய."

ஷெர்லினுக்கு அந்த வார்த்தை பிடித்துப்போனது.

அன்றிலிருந்து பீவி புழுக்களைப் பொறுக்கி ஐஸில் வைத்துக் கொடுத்தார். இரண்டு மாதம் போனது. ஆராய்ச்சிக்கூடத்தில் அரைத்துப் பார்த்தால் புரதம் சிதைந்து கிடந்தது. மறுபடி பார்த்தார்கள், அதே கதைதான். வேறு ஊரில் ஆள் பார்க்கச் சொன்னார் மேலதிகாரி. அதைச் சொல்லவே ஷெர்லின் சங்கடப்பட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"எனக்கு ஒரு வாரம் தாங்க" என்றார் பீவி.

அந்த வாரம் அவர் புழுவைப் பார்த்த மாதிரி வேறு எதையும் பார்க்கவில்லை. முதலில் குடலைக் கழுவிவிட்டு, இரைப்பைகளைக் கடைசியில் கீறுவதுதான் வழக்கம். அதற்குள் ஒரு மணி நேரம் ஓடிவிடும். அப்போது எடுத்த புழு வெளுத்து, தொட்டால் பிய்ந்தது. ஆடு செத்த சூட்டிலேயே கீறி எடுத்த புழுவோ விரலில் சுற்றிக்கொண்டு நெளிந்தது.

"ஆடு செத்தாலும் அது வயித்துக்குள்ள இருக்கிற புளிப்பு சாகலம்மா. புழுவையும் சேத்துச் செரிச்சுருது" என்றார் ஷெர்லினிடம். "இன்னொண்ணு, அள்ளுன சாணியும் சளியுமா அப்படியே ஐஸ்ல வச்சோம்லா? அதுவும் தப்பு."

பிறகு அவரே முறையை மாற்றினார். மற்ற ஆட்களுக்கு முன்பே வந்து, கடைசி இரைப்பையை முதலில் கீறினார். உடம்புச் சூட்டுக்கு வெந்நீர் விளாவி, உப்புப் போட்டு, அதில் புழுக்களை அலசினார். ஒன்றுகூட அறாமல் எடுத்து, சுத்தமாக்கி, அதன்பின்தான் உறைய வைத்தார். கறிக்கடைக் குடலும் எட்டு மணிக்குத் தவறாமல் போயிற்று.

பத்து நாள் கழித்து ஷெர்லின் போனில் அழைத்தார். "அக்கா, கிடைச்சிருச்சு. முழுசா இருக்கு."

ஒன்றரை வருஷத்தில் ஊசி தயாரானது. ஆய்க்குடிப் பக்கம் ஆட்டுக்கிடை போட்டிருந்த வேல்சாமி தன் நாற்பது ஆடுகளைச் சோதனைக்குக் கொடுத்தார். பாதிக்கு ஊசி, பாதிக்குப் புரதம் இல்லாத வெறும் ஊசிநீர். எந்த ஆட்டுக்கு எது என்று அவருக்கே தெரியாது. ஐப்பசி மழை முழுக்க ஷெர்லின் ஆட்டுப் புழுக்கை எடுத்துப் புழு முட்டைகளை எண்ணினார். ஊசி போட்ட ஆடுகளில் முட்டை மற்ற ஆடுகளில் இருந்ததில் கால்வாசிக்கும் கீழே இறங்கியிருந்தது. ஊசி போட்டும் மூன்று ஆடுகளுக்குக் கேட்கவில்லை. அதையும் மறைக்காமல் எழுதினார்கள்.

முடிவு தெரிந்த அன்று ஷெர்லின் பீவியைக் கிடைக்குக் கூட்டிப்போனார். வேல்சாமி ஊசி போட்ட ஓர் ஆட்டைப் பிடித்துக் கண்ணிமையைக் கீழே இழுத்துக் காட்டினார். உள்ளே நல்ல ரத்தச் சிவப்பு. பீவி ஆட்டின் தாடையைத் தடவினார். வீக்கமில்லை. அது அவர் கையை நக்கியது.

"நான் ஆட்டை உள்ள இருந்துதான் பாத்திருக்கேன் அண்ணாச்சி" என்றார் வேல்சாமியிடம். பிறகு ஷெர்லின் பக்கம் திரும்பினார். "பிள்ளைகளுக்கு வயித்துப் புழு வருதே, அதுக்கும் இப்படி ஒண்ணு வருமா?"

"உலகம் பூரா முயற்சி நடக்குக்கா. இன்னும் கைகூடல."

ஆராய்ச்சிக் கட்டுரையில், புழுக்களைச் சிதையாமல் எடுக்கும் முறையை வகுத்தவர் என்று ஹைருன் பீவியின் பெயர் இருக்கிறது. ஊசி இன்னும் விற்பனைக்கு வரவில்லை. மழைக்காலத்தில் திரும்பத் திரும்பப் போட வேண்டியிருப்பதை எப்படிக் குறைப்பது என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த சோதனைக்கு நானூறு ஆடு. அத்தனைக்கும் தென்காசிப் புழு மட்டும் போதாது. அதனால் செவ்வாய்க்கிழமைகளில் பீவி வேலை முடித்து ஆலங்குளம் பஸ் ஏறுகிறார். அங்கே குடல் கழுவுகிற இரண்டு பெண்களுக்கு, வெந்நீர் எந்தச் சூட்டில் இருக்க வேண்டும் என்று அவர்கள் கையையே தண்ணீரில் வைத்துக் காட்டுகிறார்.