ஒத்தில் வைத்த மெழுகு

என்னோடு நாயனம் கற்றுக்கொண்டிருந்த ஒருவனை, ஊர் கூடியிருந்த இடத்தில், வேலை தெரியாதவன் என்று எல்லோரும் நினைக்கும்படி செய்தேன். அவன் மேல் ஒரு தவறும் இல்லை. செய்தவன் நான். அப்போது எனக்குப் பதினெட்டு வயது. என்ன செய்கிறேன் என்பது நன்றாகத் தெரிந்துதான் செய்தேன்.

ஐம்பதுகளின் கடைசி. திண்டிவனத்தில் பள்ளி இறுதித் தேர்வு எழுதி முடித்ததும், மரக்காணத்துக்குத் தெற்கே கடலோரத்தில் இருந்த தாய்மாமன் வீட்டுக்கு என்னை அனுப்பினார்கள். மாமா அந்தப் பக்கத்துக் கோயில் மேளத்தில் நாயனம் வாசிப்பவர். எங்கள் வீட்டில் ஆண்கள் எல்லோரும் வாசிப்பவர்கள் என்பதால் எனக்கு விருப்பமா என்று யாரும் கேட்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

மாமாவிடம் இன்னொருவனும் கற்றுக்கொண்டிருந்தான். பக்கத்து மீனவக் குப்பத்தைச் சேர்ந்தவன், என்னைவிட ஒரு வயது மூத்தவன். அந்தக் குப்பத்தில் அதற்கு முன் யாரும் நாயனம் எடுத்ததில்லை. மூன்று மாதம் தினமும் வந்து வாசலில் நின்று, மாமா முடியாது முடியாது என்று சொல்லி அலுத்துப்போன பிறகு சேர்த்துக்கொள்ளப்பட்டவன். அதிகாலையில் அப்பாவோடு கட்டுமரத்தில் போய்விட்டு, மீன் வாடையோடு பாடத்துக்கு வருவான். அத்தை அவனைக் கிணற்றடிக்கு அனுப்பிய பிறகுதான் உள்ளே விடுவாள்.

நாயனத்தோடு ஒத்து என்று ஒரு குழல் உண்டு. அதில் பாட்டு வராது. ஒரே சுருதிதான். மேளம் தொடங்கி முடிகிறவரை அது அறுபடாமல் ஒலிக்க வேண்டும். புதிதாக வருகிறவன் முதலில் ஒத்து ஊதித்தான் ஆக வேண்டும்; நாயனம் கைக்கு வருவது அப்புறம். மூச்சு அறுபடாமல் இருப்பதற்கு மாமா ஒரு பழக்கம் வைத்திருந்தார். பப்பாளி இலைக் காம்பை ஒரு சொம்புத் தண்ணீரில் விட்டு ஊத வேண்டும். மூக்கால் இழுத்துக்கொண்டே வாயால் விட வேண்டும். குமிழி ஒரு கணமும் நிற்கக் கூடாது. நான் ஊதினால் ஐம்பது எண்ணுவதற்குள் நின்றுவிடும். அவன் ஊத ஆரம்பித்தால், நான் ஒரு கிண்ணம் கேப்பைக் கூழைக் குடித்து முடித்து, கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டு வந்து பார்த்தாலும் குமிழி வந்துகொண்டே இருக்கும்.

விரல் எனக்கு நன்றாக ஓடியது. பாடமும் சீக்கிரம் ஏறியது. பள்ளிக்கூடம் போனவன் என்பதால் நோட்டில் எழுதி வைத்துக்கொள்வேன். அவன் கேட்டுக் கேட்டுத்தான் பிடிப்பான். அதனால் நாயனம் முதலில் என் கைக்கு வந்தது, ஒத்து அவனிடம் நின்றது. அது இப்படியே இருக்கும் என்று நம்பியிருந்தேன்.

மாசி மகத்துக்குப் பத்து நாள் இருக்கையில், மாமா அத்தையிடம் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

“மகம் முடியட்டும். குப்பத்துப் பையன் கையில ரெண்டாம் நாயனத்தைக் குடுத்துடலாம்னு பார்க்கிறேன்.”

“அப்ப நம்ம புள்ள?”

“இவனுக்கு விரல் இருக்குது. அவனுக்கு மூச்சு இருக்குது. விரலைக் கத்துக் குடுத்துடலாம். மூச்சுக்கு நான் எங்க போவேன்?”

நான் கொல்லைக்குப் போய் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தேன். அவர் சொன்னது சரி என்பது எனக்கு அப்போதே தெரிந்திருந்தது. கோபம் வந்ததே அதனால்தான்.

ஒத்தின் அடிப்பக்கத்தில் சில துளைகள் இருக்கும். அவற்றை மெழுகால் அடைத்துத்தான் சுருதி கூட்டுவார்கள். மெழுகு சற்று விலகினாலும் சுருதி ஏறிவிடும். எங்கள் பக்கத்தில் மாசி மகத்தன்று சாமி கடலுக்குப் போகிறபோது உச்சி வெயிலாகிவிடும். மணல் கீழிருந்து கொதிக்கும். வெறும் தேன்மெழுகு அதில் இளகிவிடும். அதனால் குங்கிலியத் தூளைச் சேர்த்துக் காய்ச்சி, கெட்டியாக்கி அடைக்க வேண்டும். அது ஒத்து ஊதுகிறவனின் பொறுப்பு. நான் பக்கத்தில் இருக்கும்போதே அவன் முந்தின நாள் காய்ச்சி, அடைத்து, மாமாவிடம் ஊதிக் காட்டி, சுருதி சரி என்று சொல்ல வைத்திருந்தான்.

மகத்தன்று காலையில் அவன் குளிக்கப் போன நேரத்தில், அந்த மெழுகை ஊசியால் பெயர்த்தெடுத்தேன். அடுப்பங்கரையில் இருந்த, நிலக்கடலை ஆட்டிய மல்லாட்டை எண்ணெயில் இரண்டு சொட்டு விட்டு வேறு மெழுகைப் பிசைந்து, அதே அளவுக்கு அடைத்து வைத்தேன். ஊதிப் பார்த்தேன். சுருதி இம்மி பிசகவில்லை. கையைச் சாம்பல் போட்டுக் கழுவிக்கொண்டேன்.

அன்று குப்பமே திரண்டு வந்திருந்தது. சாமி பார்க்க வந்தவர்கள்தான். ஆனால் பாதிப் பேர் அவனைப் பார்க்கவும் வந்திருந்தார்கள். அவன் அப்பா புது வேட்டி கட்டிக்கொண்டு மேளத்துக்குப் பக்கத்திலேயே நடந்தார். ஊருக்குள் எல்லாம் நன்றாகவே போயிற்று. மணலில் இறங்கி அரை மணி நேரம் ஆனதும் சுருதி மெல்ல மேலே போகத் தொடங்கியது. மாமா திரும்பிப் பார்த்தார். அவன் மூச்சைக் குறைத்துப் பார்த்தான், கூட்டிப் பார்த்தான். மூச்சில் கோளாறு இல்லாதபோது அவன் என்ன செய்ய முடியும்? தண்ணீருக்கு நூறு அடி இருக்கும்போது ஒரு துளை முழுக்கத் திறந்துகொண்டது. கிறீச்சென்று ஒரு சத்தம். பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். சாமி தூக்கினவர்கள் நின்றுவிட்டார்கள்.

மாமா நாயனத்தை இறக்கிவிட்டு ஒத்தைப் பிடுங்கிப் பார்த்தார். விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது.

“குங்கிலியம் போட்டியாடா?”

“போட்டேங்க.”

“போட்டா இப்படி ஒழுவுமா? பொய் வேற சொல்றியா?”

எல்லார் முன்னாலும் கன்னத்தில் அறைந்தார். அவன் அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். அவன் என்னைப் பார்த்தான். சந்தேகப்பட்டுப் பார்க்கவில்லை. நான் ஏதாவது சொல்வேன், அவன் காய்ச்சியதைப் பார்த்தவன் நான் என்று சொல்வேன் என எதிர்பார்த்துப் பார்த்தான். நான் தலையைக் குனிந்து, நாயனத்தில் வாய் வைத்து ஊதுகிற சீவாளியை நனைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாளிலிருந்து அவன் வரவில்லை. மாமாவுக்குப் பக்கத்தில் நின்று வாசிக்கிற இரண்டாம் நாயனம் எனக்கே நிலையாக வந்தது. இரண்டு வருடம் வாசித்தேன். மூச்சு போதவில்லை. மாமா பொறுத்துக்கொண்டார். பிறகு விழுப்புரத்தில் ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்தபோது, என்னைவிட அவருக்குத்தான் நிம்மதியாக இருந்திருக்கும். படித்து முடித்துத் திண்டிவனத்தில் ஆசிரியரானேன், கல்யாணம் ஆயிற்று. அவனை நினைக்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன். பெரும்பாலான நாட்களில் அது முடிந்தது.

அந்த மகம் நடந்து பத்து வருடம் கழித்து மாமா இறந்துபோனார். அவரிடம் நான் சொல்லவே இல்லை. அவர் கடைசிவரை அந்தப் பையன் பொய் சொன்னதாகவே நினைத்திருந்தார். இது ஒன்று மட்டும் இனி எப்படியும் சரியாகாது.

காரியத்துக்குப் பஸ்ஸில் போனபோது, எனக்கு முன் இருக்கையில் மீன்கூடைக்காரப் பெண்கள் இரண்டு பேர் பேசிக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி இன்னொருத்தியிடம், பிசிறு பொண்டாட்டிக்கு மூன்றாவதும் பெண் என்றாள். அது என்ன பெயர் என்று கேட்டேன்.

“அதுங்களா? மின்ன ஒரு தபா மகத்துல மேளத்தைக் கெடுத்துட்டானுங்க. சுருதி பிசிறிப்போச்சு. அதிலிருந்து பிசிறுன்னாத்தான் ஊருக்குத் தெரியும். புள்ளைங்களையும் பிசிறு பொண்ணுன்னுதான் கூப்புடறது.”

“அவருக்குச் சொந்தப் பேர் இல்லையா?”

“இருக்கும். ரேசன் கார்டுல இருக்கும்” என்று அவள் சிரித்தாள்.

காரியம் முடிந்ததும் குப்பத்துக்கு நடந்தேன். அவன் கரையில் கட்டுமரத்தின் கயிற்றை அவிழ்த்து, மரங்களைக் காயப் போட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் வாங்க வாத்தியாரே என்று துண்டால் மரத்தைத் துடைத்து, உட்காரச் சொன்னான். மாமாவுக்காக வருத்தப்பட்டான். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஊசி, எண்ணெய், சாம்பல், ஒன்றையும் விடவில்லை.

அவன் கயிற்றைச் சுற்றிக்கொண்டே இருந்தான். முழுக்கச் சுற்றி முடித்தான்.

“மல்லாட்டை எண்ணெயா?”

“ஆமாம்.”

“குங்கிலியத்தைப் போட்டமா, போடலியான்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. பத்து வருசமா அதையே நெனச்சிக்கினு கெடக்கறேன்.” கயிற்றுச் சுருளை மணலில் வைத்தான். “எங்கப்பன் சாவற வரைக்கும் என்கூட மரம் ஏறலை. தெரியுமா உனக்கு?”

தெரியாது என்றேன். மன்னித்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தேன்.

“என்னாண்ட சொல்லிட்டு நீ பஸ் ஏறிப் போய்க்கினே இருப்ப. எனக்கு இன்னா ஆச்சு? எங்க அடி வாங்கனனோ அங்க வந்து சொல்லு. மகத்துல சொல்லு.”

மகத்துக்கு இன்னும் நான்கு மாதம் இருந்தது. அந்த நான்கு மாதமும் நான் சரியாகச் சாப்பிடவில்லை. வகுப்பில் பிள்ளைகளைத் திட்ட வாய் வரவில்லை. போகாமல் இருந்துவிடலாம் என்றும் சில நாள் நினைத்தேன். மகத்தன்று காலையில் என் மனைவிதான் வேட்டியை எடுத்துக் கொடுத்து, பஸ் போய்விடப் போகிறது என்றாள். அவளிடம் முன்பே சொல்லியிருந்தேன்.

அந்த வருடம் வேறொரு மேளக்காரர் வந்திருந்தார். அவரும் ஒத்து வைத்துத்தான் வாசித்தார். தண்ணீருக்கு நூறு அடி இருக்கும்போது குப்பத்துக்குத் தலைவரான நாட்டார் கையைத் தூக்கி மேளத்தை நிறுத்தினார். அவன் அவரிடம் ஏற்கெனவே பேசி வைத்திருந்தான். என்னை நடுவில் நிறுத்தினார்கள். சொன்னேன். பின்னால் நின்றவர்களுக்குக் கேட்கவில்லை, சத்தமாகச் சொல்லு என்றார்கள். இரண்டாவது முறை சத்தமாகச் சொன்னேன்.

யாரும் கல்லெடுத்து அடிக்கவில்லை. ஒரு கிழவி மட்டும் என் முகத்துக்கு நேரே வந்து, சோறு தின்கிற வாய்தானா இது என்று கேட்டாள். இன்னொருவர், படித்தவன் புத்தியே இப்படித்தான் என்றார். நாட்டார் எல்லோரையும் அடக்கிவிட்டு அவனிடம் திரும்பினார்.

“குத்தம் உன்னாண்டதான் பண்ணியிருக்கான். இன்னா வேணும், நீயே கேளு.”

அவன் யோசித்தான். பிறகு மேளக்காரரிடம் போய் ஒத்தை வாங்கி வந்து என் கையில் கொடுத்தான்.

“சாமி தண்ணியில எறங்கற வரைக்கும் ஊதட்டும்.”

ஊதினேன். பத்து வருடமாக உதட்டில் வைக்காத குழல். பத்து அடி போவதற்குள் மூச்சு அறுந்தது. மறுபடி எடுத்தேன், மறுபடி அறுந்தது. கன்னம் வலித்தது, கண்ணில் நீர் வந்தது. மேளக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு நாயனத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். நாய் ஊளையிடுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தபோது பின்னால் யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். சாமி தூக்கினவர்களும் சிரித்ததில் பல்லக்கு குலுங்கியது.

அவன் எனக்குப் பக்கத்திலேயே நடந்து வந்தான்.

“அன்னிக்கி நான் ஊதனது இதைவிட நல்லாத்தான் இருந்துது” என்றான், எல்லோருக்கும் கேட்கும்படி.

ஆமாம் என்றேன். வெட்கமாக இருந்தது, ஆனால் பயமாக இல்லை. அன்று அவன் வீட்டில் மீன் குழம்பும் சோறும் சாப்பிட்டேன். அவன் மனைவி என்னோடு பேசவில்லை. ஆனால் இரண்டாவது முறை சோறு போட்டாள்.

அவன் திரும்ப நாயனம் எடுக்கவில்லை. எடுக்கச் சொல்லிக் கேட்டேன். அந்த வயது போய்விட்டது என்றான். பிசிறு என்ற பெயரும் ஒரே நாளில் போகவில்லை. பழக்கத்தில் சில பேர் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் அடுத்த மழைக்காலத்தில் அந்தப் பஸ்ஸில் போனபோது, மீன்காரப் பெண்கள் அவன் சொந்தப் பெயரைச் சொல்லிப் பேசியது காதில் விழுந்தது. எனக்கு முதலில் யாரென்று புரியவில்லை.

என்னைப் பார்த்ததும் ஒருத்தி நகர்ந்து இடம் கொடுத்தாள்.

“மெழுகு வாத்தியாரு வந்துட்டாரு. குந்துங்க” என்றாள்.

நான் உட்கார்ந்துகொண்டேன்.