கம்பளி மேல் கண்ணை மூடிய லேப்டாப்

தட்டச்சுக்காரிக்குக் கை கொஞ்சம் கனம். பழைய இரும்பு மிஷினில் அடித்துப் பழகிய விரல்கள். லேப்டாப்புக்கு மாறியும் அந்தக் குத்து மாறவில்லை. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் 'டக்டக் அக்கா' என்றே பேர் வைத்துவிட்டார்கள். அதற்காக அவளை முரட்டுப் பெண் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். தூங்குகிறவர் பக்கத்தில் டம்ளரைக்கூட ஓசைப்படாமல் வைக்கிறவள்.

வீடு என்றால் ஒரே அறைதான். சன்னலோரம் மேஜை, எதிர்ச் சுவரோரம் கட்டில். கட்டிலில் பகல் முழுக்க அவள் புருஷன். ராத்திரியெல்லாம் ரொட்டிக் கடை அடுப்படியில் வெந்துவிட்டு வருகிற மனுஷன், பகலில் தூங்காமல் எப்போது தூங்குவார்? அவளுக்கு அதுதான் வேலை நேரம். டாக்டர்கள் பேசிப் பதிந்து அனுப்புவதை ஹெட்போன் மாட்டிக் கேட்டு, அடித்து அனுப்ப வேண்டும். சத்தம் அமுங்கட்டும் என்று கட்டிலின் கால்மாட்டில் கிடந்த நீலக் கம்பளியை நாலாக மடித்து மேஜையில் போட்டாள். அதன் மேல் லேப்டாப்பை வைத்தாள். டக்டக் போய் பொத்பொத் ஆயிற்று. சபாஷ் என்று தன்னையே மெச்சிக்கொண்டாள்.

கொஞ்ச நாளில் லேப்டாப் திடீர் திடீரென்று செத்துப் போக ஆரம்பித்தது. சொல்லிக்கொண்டு போகிற சாவா? பாதி வாக்கியத்தில் பொசுக்கென்று இருட்டு. அடித்ததெல்லாம் போச்சு. வேலை கொடுக்கிற அம்மா போனில் கறாராகச் சொல்லிவிட்டார்:

"இன்னொரு தடவை லேட்டாச்சுன்னா வேலையை வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன்மா. தப்பா நினைக்காதீங்க."

தப்பாக நினைக்காமல் வேறு எப்படி நினைப்பதாம்? லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு தெருமுனை ரிப்பேர்க் கடைக்கு ஓடினாள். கடைக்காரத் தம்பி சார்ஜரை மாற்றிப் பார்த்தான், பேட்டரியைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்த்தான். விருந்தாளிக்கு முன்னால் சமர்த்து வேஷம் போடும் குழந்தை மாதிரி அது ஜம்மென்று ஓடியது.

"எங்க வெச்சு வேலை பார்க்கறீங்க அக்கா?"

"மேஜை மேலதான் தம்பி. பின்ன, தலை மேலயா?"

பொய் இல்லை. கம்பளியைச் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை, அவ்வளவுதான்.

மறுநாளே திரும்பவும் செத்தது. இந்தத் தடவை தம்பி அடிமூடியைத் திருகிக் கழற்றினான். உள்ளே காற்றாடியைச் சுற்றி நீல நிறத்தில் பஞ்சு மொத்தையாக அப்பிக் கிடந்தது.

"அக்கா, உங்க மேஜைக்கு நீல முடி முளைக்குமா?"

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். விஷயத்தைச் சொன்னாள்.

"அடியில இருக்கற ஓட்டை வழியாத்தான்கா இது மூச்சு விடுது. நீங்க அதோட மூக்கைப் பொத்திட்டீங்க. சூடு தாங்காம தானா அணைஞ்சுடுது. இங்க கம்பளி இல்ல, ஒழுங்கா ஓடுது. துடைச்சு விட்டுட்டேன், இனிமே வெறும் மேஜைதான்."

வெறும் மேஜை! கம்பளியை எடுத்தால் மனுஷனின் தூக்கம் போகும், போட்டால் வேலை போகும். சாயங்காலத்துக்குள் அனுப்ப வேண்டிய பதிவு ஒன்று காத்துக் கிடந்தது. வீட்டுக்கு வந்து வெறும் மேஜையில் லேப்டாப்பை வைத்து, குழந்தைக்கு மை வைக்கிற மாதிரி ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டாள். இப்படித் தொட்டால் எந்த ஜென்மத்தில் முடிப்பது?

கட்டிலிலிருந்து குரல் வந்தது. கண் திறக்கவில்லை.

"என்ன தடவிட்டிருக்க? அடி."

"ஐயோ, எழுப்பிட்டேனா?"

"நீ அடிக்கறதுல நான் என்னைக்கு எழுந்திருக்கேன்? ராத்திரி பூரா மாவு மிஷின் தடதடன்னு காதுல. அது நின்னாத்தான் என்னமோ கோளாறுன்னு பதறும். இங்கயும் அப்படித்தான். சத்தம் நின்னா முழிப்பு வந்துடுது."

"அப்ப கம்பளி போட்டு அடிச்சனே, அப்ப நல்லாத் தூங்கினீங்களா இல்லையா?"

"எங்க தூங்கறது? கால் ரெண்டும் ஐஸா இருந்துச்சு. கேட்டா வேலை கெடுமேன்னு விட்டுட்டேன். முதல்ல அதை இங்க போடு."

"வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க? அப்பவே சொல்றதுக்கென்ன!"

திட்டிக்கொண்டே கம்பளியை உதறி, இரண்டு கால்களும் மூடும்படி இழுத்துப் போர்த்தினாள். பிறகு உட்கார்ந்து, பழைய இரும்பு மிஷினை அடிக்கிற அடி அடித்தாள். நாலு வரி முடிவதற்குள் கட்டிலில் குறட்டை கிளம்பிவிட்டது. சன்னல் வெயில் மேஜையை விட்டு இறங்குவதற்குள் பதிவு போய்ச் சேர்ந்தது. லேப்டாப் ஒரு தடவைகூடக் கண்ணை மூடவில்லை.