வேலிக்குள் காசித்தும்பை

வெலிமடை தாண்டி அரசாங்கப் பூந்தோட்டத்துக்குப் போனோமே பிள்ளைகளே, அங்கே சின்னவள் விரல்பட்டுக் காட்டுக் காசித்தும்பைக் காய் படக்கென்று வெடித்ததும் எனக்குச் சின்ன வயதில் நம் தேயிலைத் தோட்டத்து லயத்தில், இந்தக் கூலி வரிசை வீட்டில், நடந்தது ஞாபகம் வந்தது.

கங்காணி மகள் பொன்னி தன் வீட்டு வாசல் காசித்தும்பையை யாரையும் தொடவிடமாட்டாள். எனக்கு வயிறெரியும். ஓடையோரத்தில் ஒன்றைப் பிடுங்கிவந்து எங்கள் லயத்து வாசலில் நட்டேன். மொட்டுவிட்ட அன்றே கங்காணி வந்துவிட்டார்.

"மாரியாயி, லயத்து வாசல்ல என்னா களை?"

"புள்ள ஆசையா வச்சதுங்க," என்றாள் அம்மா.

"தொரை பாத்தா எனக்குல்ல ஏச்சு! புடுங்கு."

அம்மாவே பிடுங்கினாள். பொன்னி அவள் வாசலில் நின்று காய்களை வெடிக்கவைத்துக்கொண்டிருந்தாள்.

அரசாங்கப் பூந்தோட்டத்தில் அதே செடிக்குப் பெயர்ப்பலகை, வேலி, தண்ணீர் ஊற்ற ஆள்.

"ஏம்ப்பா அதையே மொறைக்கிறீங்க?" என்றாள் சின்னவள்.

பொறாமைதான் கண்ணு. அதை இனி யாரும் பிடுங்கமாட்டார்கள். நம்மை லயத்தைவிட்டுக் கிளம்பச் சொல்லத் துரைக்கு ஒரு வார்த்தை போதும்.