மல்லிகைக் கரை

மகாராஜபுரத்தில் குருவம்மாள் வீட்டு வாசற்கதவு காலையில் திறந்தால் விளக்கு வைக்கிற வரைக்கும் திறந்தேதான் கிடக்கும். அதை யாரும் பூட்டியதில்லை. ஆனால் அந்தக் கதவைத் தாண்டித் தனியாகப் பஸ் நிறுத்தம் வரை போவதற்கு, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வெங்கடேஸ்வரிக்கு ஒரு காரணம் கிடைக்கவில்லை. காய்கறி தெருவுக்கே வந்துவிடும். பால் வீட்டு மாட்டில் கறக்கிறது. ரேஷன் கடைக்கு மாமியார் போய்விடுவாள். மருந்து மாத்திரை என்றால் இருவரும் சேர்ந்து வத்திராயிருப்புக்குப் போய்ச் சேர்ந்தே திரும்புவார்கள். புருஷன் பாண்டிச்செல்வம் பட்டாளத்தில், வடக்கே எல்லையில் இருந்தான். பட்டாளத்துக்காரன் பெண்டாட்டி தெருவில் நடந்தால் அவளோடு எத்தனை கண்கள் கூட நடக்கும் என்பது அந்த ஊரில் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வெங்கடேஸ்வரி பிறந்து வளர்ந்தது ராஜபாளையம். பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. அக்கா கனகலட்சுமி நூல் மில்லில் வேலை பார்த்தாள். மில்லில் கழிவென்று ஒதுக்கி எடைக்குப் போடும் நூலை வெளிக்கடையில் வாங்கி வருவாள். தங்கை அதை வைத்து விளையாட்டாக ஆரம்பித்ததுதான் இந்தப் பெயர் வேலை. பால்கோவாப் பெட்டி அட்டையை நறுக்கி, அதன்மேல் சத்திரப்பட்டியில் நெய்கிற பேண்டேஜ் துணியை இழுத்து ஒட்டி, பென்சிலால் பெயரை எழுதி, கோட்டின் மேல் நூலை இழை இழையாகப் பசையில் பதிப்பாள். குழந்தைக்குப் பெயர் வைக்கும் வீடு, புதுவீடு புகும் வீடு, வேலையிலிருந்து ஓய்வு பெறும் வாத்தியார் என்று கேட்டவர்களுக்கெல்லாம் செய்து கொடுத்தாள். கடையில் வாங்கும் கண்ணாடிப் பொம்மையைவிட விலை குறைவு. பொம்மையில் பெயர் இருக்காது, இதில் இருக்கும்.

வேலையில் அவளுக்கென்று சில கறாரான வழக்கங்கள் உண்டு. ஒற்றை நூல் பிசிறு தட்டும் என்று இரண்டைச் சேர்த்து முறுக்கி, மெழுகுவர்த்தியில் ஒருமுறை உரசித்தான் எடுப்பாள். எழுத்தின் வளைவில் நூலை வெட்ட மாட்டாள், சுற்றிக்கொண்டுதான் போவாள். எந்தப் பெயரானாலும் சுற்றி ஒரு மல்லிகைக் கரை வைப்பாள். வெள்ளை நூலில் மொட்டு மொட்டாக முடிச்சுப் போட்டு, தொடுத்த சரம் போலவே இருக்கும். இன்னார் செய்தது என்று சொல்லாமலே தெரியவேண்டும் அல்லவா, அதற்கு அந்தக் கரை.

புகுந்த வீட்டுக்கு வந்த பிறகும் கை நிற்கவில்லை. போனில் பெயர் வரும். மாதம் ஒருமுறை நூலோடு வரும் கனகலட்சுமி, முடித்ததை வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ப்பாள். அப்படிச் சேர்த்த இடங்களில் ஒன்றுதான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ரஹ்மத் பீவியின் ஃபேன்ஸி கடை.

ஆனி மாதக் கடைசியில் பீவி போன் பண்ணினார்.

"ஏம்மா வெங்கடேசு, ஆடிப்பூரம் வருது. கடை வாசல்ல ஒரு மேசை போட்டுத் தாரேன். திருவிழா முடியிறவரைக்கும் வந்து உக்காரு. பொறவு சனிக்கிழம சனிக்கிழம வா. ஆளுக முன்னாடி வச்சுச் செய்யி."

"பாத்துக்கிட்டே நிப்பாகளே பீவியக்கா, கை நடுங்கும்."

"பாக்கத்தாம்மா வருவாக. கையப் பாத்தாத்தான் சனம் வாங்கும். கப்புல போட்டோ அடிக்கிற வினோத் அந்த இடத்துக்கு என்னைய அரிச்சு எடுக்கான். கொடியேத்தத்துக்குள்ள சொல்லிப்புடு. அதுக்கு மேல என்னால பிடிச்சு வைக்க ஏலாது."

ஒரு மேசை. தெருவைப் பார்த்து ஒரு மேசை. எதிரே தெரியாத முகங்கள், பஸ் சத்தம், கோயில் கொட்டுச் சத்தம். வெங்கடேஸ்வரி அன்றைக்குச் சோறு வடிக்கும்போதே அந்த மேசையில் உட்கார்ந்துவிட்டாள். பசை டப்பா வலப்பக்கம், நூல் இடப்பக்கம் என்று மனதில் எடுத்தும் வைத்துவிட்டாள்.

மாமியாரிடம் கேட்டாள். குருவம்மாள் மறுக்கவில்லை. மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டே, "பாப்பம்" என்றாள். அந்த வீட்டில் 'பாப்பம்' என்பது எப்போதும் 'வேண்டாம்' என்பதற்குத் திண்டுக்கல் பூட்டுப் போட்டது போல.

பாண்டிச்செல்வத்திடம் போனில் சொன்னபோது, "அம்மா சரின்னா எனக்கு என்ன?" என்றான். அம்மாவைத் தாண்டி அவனுக்கும் வழி இல்லை.

மாமியாரின் மனதைக் கரைக்க அவளுக்குத் தெரிந்த வித்தை ஒன்றுதான். குருவம்மாளுக்கு ஊரில் உள்ள அத்தனை ஆசையும் மகன்மேல்தான். அந்த மகனையே நூலில் செய்து கொடுத்தால்? போன விடுமுறையில் வேப்பமரத்தடியில் விறைப்பாக நின்று எடுத்த யூனிஃபார்ம் போட்டோ போனில் இருந்தது. அக்காவிடம் அனுப்பிப் பெரிய தாளில் அச்செடுத்து வாங்கினாள். பெயருக்குத்தான் அட்டை, ஆளுக்குப் பிளைவுட் என்று கதவு உயரத்தில் பாதிக்கு ஒரு பலகையும் வரவழைத்தாள்.

மாமியார் மாட்டோடு வயல் பக்கம் போகும் மத்தியான நேரத்தில்தான் வேலை. பட்டாளத்துப் பச்சை சாயக்கடையில் கிடைக்கவில்லை. இலைப்பச்சையில் நூலை முக்கி, பிறகு டீத்தூள் டிகாஷனில் ஊறவைத்து, காய்ந்ததும் திரும்ப முக்கி அந்த மங்கல் பச்சையைக் கொண்டுவந்தாள். சட்டைப் பொத்தான் ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளை இழை வைத்து மினுக்கம் காட்டினாள். பூட்ஸுக்கு மெழுகு அதிகம் உரசிய கறுப்பு நூல். முகத்துக்குத்தான் பயந்தாள். இடப்புருவம் சற்றுத் தூக்கினாற்போல இருக்கும் அவனுக்கு. அது வந்த மத்தியானம் பலகையைச் சுவரில் சாய்த்துவைத்து எதிரே உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு ஆள் வந்தது போல இருந்தது.

பிறகு வழக்கம்போலச் சுற்றிலும் மல்லிகைக் கரை வைத்தாள்.

மாட்டுவதற்கு இடம் தேடினாள். முன்னறையில் மாமனார் படத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆணி சும்மா இருந்தது. அதில் மாட்டினாள். நேராக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தாள். நேராகத்தான் இருந்தது.

வயலிலிருந்து வந்த குருவம்மாள் வாசலில் காலைக் கழுவிவிட்டு உள்ளே ஓரடி வைத்தாள். கையிலிருந்த சொம்பு விழுந்து உருண்டது.

"ஏட்டி! என்னட்டி செஞ்சு வச்சிருக்க! எம்மவனுக்குப் பூவச் சுத்திட்டியே! அவிய அப்பா பக்கத்துல கொண்டுபோயி மாட்டிட்டியே, பாவி!"

அப்போதுதான் வெங்கடேஸ்வரி அந்தச் சுவரைப் பார்த்தாள். செத்துப்போன மாமனார் படம். அதற்குக் காய்ந்த சந்தன மாலை. பக்கத்தில் யூனிஃபார்மில் புருஷன், சுற்றிலும் மல்லிகை. வடக்குத் தெருவில் மொக்கைச்சாமி வீட்டில் இப்படியே ஒரு படம் உண்டு. எல்லையில் இறந்துபோன அவருடைய மகன், இதே பச்சைச் சட்டையில், பூவுக்கு நடுவில். ஊரில் யூனிஃபார்ம் படம் பூவோடு சுவரில் ஏறினால் அதற்கு அர்த்தம் ஒன்றுதான். வளைவு, பொத்தான், புருவம் என்று இழை இழையாகப் பார்த்தவள், பூவையும் சுவரையும் சேர்த்து ஒருமுறை பார்க்கவில்லை.

படத்தைக் கழற்றினாள். கழற்றி எங்கே வைப்பது? தரையில் மல்லாத்திப் படுக்க வைக்கப் போனாள்.

"படுக்க வைக்காதட்டி!"

சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தாள்.

"மொகத்தத் திருப்புறியா? வீட்டுக்கு வர மாட்டேங்குற மாதிரி?"

பிரித்துவிடலாம் என்றால், பெற்ற பிள்ளையின் முகத்தை இழை இழையாக உரிப்பதை எந்தத் தாய் பார்த்துக்கொண்டு நிற்பாள்? பசை காய்ந்த நூலை உரித்தால் பலகையில் தழும்பும் நிற்கும். மாட்டவும் முடியாது, மறைக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது. கடைசியில் குருவம்மாளே டி.வி.க்கு எதிரே இருந்த பிளாஸ்டிக் சேரில் பலகையைத் தூக்கி நிறுத்தினாள்.

"சேருல இருக்கட்டும். உசுரோட இருக்கவன் சேருலதான இருப்பான்."

படம் அங்கேயே உட்கார்ந்தது. யாரும் அந்தச் சேரில் உட்காரவில்லை. வெக்கை தாங்காத மத்தியானத்தில் குருவம்மாள் ஃபேனைத் தன் பக்கம் திருப்பியவள், கொஞ்சம் யோசித்துப் பாதிக்குச் சேரின் பக்கம் திருப்பி வைத்தாள். மருமகளோடு பேச்சு மட்டும் இல்லை. பாண்டிச்செல்வத்தின் போனும் வரவில்லை. அவன் இருக்கும் இடத்தில் சிக்னல் போவது புதிதல்ல. ஆனால் இந்தச் சமயத்தில் போனது. குருவம்மாள் வாசலையும் சேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரஹ்மத் பீவி இரண்டு தடவை அழைத்தார். போனை எடுக்க வெங்கடேஸ்வரிக்குத் தைரியம் வரவில்லை. கதவு திறந்தேதான் கிடந்தது.

நூல் கொண்டுவந்த கனகலட்சுமி சேரைப் பார்த்ததும் பையைப் போட்டுவிட்டாள்.

"ஏட்டி, பட்டாளத்துக்காரன் படத்துக்குப் பூ வைப்பியா? புத்திய எங்கிட்டு அடகு வச்ச?" என்று அடிக்குரலில் வைதாள். வைதுகொண்டே குனிந்து, மூக்கு படுமளவுக்குக் கிட்டே போய்ப் பார்த்தாள். "பொத்தானு மினுங்குதேட்டி. புருவத்தப் பாரேன். எங்க மில்லுல ஒரு மிசினுக்கு வருமா இது?"

"நீ ஒண்ணு, சும்மா இருக்கா."

"இல்லட்டி, தப்பு தப்புதான். அதுக்காக நல்லாருக்கத நல்லால்லன்னு சொல்லுவனா?"

அடுப்படியிலிருந்து பாத்திரம் ஒன்று ஓங்கி வைக்கப்பட்டது. இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

அந்த நேரத்தில்தான் போன் அடித்தது. குருவம்மாள் ஈரக்கையோடு ஓடிவந்து பறித்தாள். "ஐயா... ஏ ஐயா..." என்று அழுதாள். அழுது முடித்து, பூவைச் சுற்றிய கதையை ஒன்றுவிடாமல் சொன்னாள். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"சிரிக்காதலே! ஒங்கம்மா இங்க செத்துப் பொழச்சிருக்கேன்."

போன் மருமகள் கைக்கு வந்தது.

"என்ன வெங்கடேசு, என்னையச் சேருல உக்கார வச்சிருக்கீகளாம். ஃபேனெல்லாம் ஓடுதாம்ல. இங்க எனக்கு ஆரு ஃபேன் போடுதா?"

"வெளையாடாதீக. என்ன செய்யன்னு தெரியல. அத்தை மொகத்தப் பாக்க முடியல."

அவன் சிரிப்பை நிறுத்தினான். பிறகு, "தனியா நிக்கேன்ல, அதான் அம்மாவுக்கு அப்படித் தெரியுது. பக்கத்துல நீயும் வந்து நில்லு. சோடியா நின்னா ஆரு மாலை போடப் போறா?" என்றான்.

குருவம்மாளுக்கும் அது சரியாகப் பட்டது. சோடிப் படம் என்றால் கல்யாணப் படம் மாதிரி. "பொட்டு பெருசா வையி" என்று அன்றைக்குத்தான் மருமகளிடம் முதல் வார்த்தை பேசினாள்.

பலகையில் அவனுக்கு இடப்பக்கம் இடம் இருந்தது. வெங்கடேஸ்வரி கண்ணாடியைப் பார்த்துத் தன்னையே பென்சிலால் வரைந்து, நூலைப் பதிக்க ஆரம்பித்தாள். இடப்பக்கத்து மல்லிகையைச் சிவப்பு நூலால் மூடிப் புடவையின் விளிம்பாக்கினாள். அவள் தலைக்கு நேராக இருந்த மொட்டுகளை அப்படியே விட்டு, அவற்றைச் சுற்றிலும் கூந்தலைப் பதித்தாள். பூ இப்போது அவள் தலையில் இருந்தது. மேற்பக்கத்துச் சரத்தைப் பச்சையால் மூடி மாவிலைத் தோரணமாக்கினாள். மற்ற பக்கங்களில் கொடியும் இலையும். செய்ததில் பிசிறு இல்லை. ஆனால் தன்னைத்தானே பசை தடவிப் பலகையில் ஒட்டுகிறோம் என்ற நினைப்பு, ஒவ்வொரு இழைக்கும் விரல்நுனியில் நின்றது.

இப்போது ஒளித்துச் செய்ய வேண்டியதில்லை. முன்னறையிலேயே செய்தாள். எதிர்வீட்டு யுவராணிக்குப் புருஷன் மதுரையில் போலீஸ். அவள் வந்து பார்த்துவிட்டு, "எங்களுக்கும் இதேமாரி சோடியா ஒண்ணு செஞ்சு தாக்கா. அவிய வருசத்துல பாதி நாளு ட்யூட்டி, படத்துலயாச்சும் பக்கத்துல நிக்கட்டும்" என்றாள். யுவராணியைப் பார்த்து அவள் நாத்தனார், நாத்தனாரைப் பார்த்துக் கீழத்தெரு. பட்டாளத்தில் ஆள் இருக்கிற வீடெல்லாம் சோடிப் படம் கேட்டது. குருவம்மாளே வாசலில் நின்று, "எம்மருமக செய்வா, போட்டாவக் கொண்டாங்க. பூவு மட்டும் சுத்தச் சொல்லாதீக" என்று சிரித்துக்கொண்டே வாங்கிப்போட்டாள். வெங்கடேஸ்வரிக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. இத்தனை பெருமை இருந்தால் மேசைக்கும் மனசு வராதா?

கொடியேற்றத்துக்கு முந்தின நாள் கேட்டாள்.

"அத்தை, பீவியக்கா நாளைக்குள்ள சொல்லச் சொன்னாக..."

குருவம்மாள் கோபப்படவில்லை. அன்பாகத்தான் சொன்னாள். "எதுக்குட்டி? வீட்டு வாசலுக்கே எம்புட்டுப் பேரு வருதாக! இத விட்டுட்டு எவ கடை வாசல்லயோ போயிக் குத்தவைக்கணுமா? ராணி மாரி வீட்டுல இருந்து செய்யி."

இதுவரை வெளியே போகக் காரணம் கிடைக்கவில்லை. இப்போது வீட்டில் இருக்கக் காரணம் நிறையச் சேர்ந்துவிட்டது. அத்தனையும் அவள் கையால் செய்தவை.

பீவிக்குப் போன் போட்டாள். "வரலக்கா" என்றாள். பீவி ஏன் என்று கேட்கவில்லை. "சரிம்மா. வினோத்து மிசினத் தூக்கிட்டுக் காத்துக்கிட்டிருக்கான்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

படத்தில் இன்னும் அவள் பாதம்தான் பாக்கி. புடவைக் கொசுவம் வரை முடிந்திருந்தது. மருதாணி வைத்த வெறும் பாதம் என்றுதான் பென்சிலில் வரைந்திருந்தாள். அதை ரப்பரால் அழித்தாள். பூட்ஸுக்கு மிஞ்சிய கறுப்பு நூலை எடுத்து, மெழுகில் உரசி, வார் வைத்த செருப்பு ஒன்றை ஒரு காலுக்குப் பதித்தாள். பிறகு மறுகாலுக்கு. வார் வளைவில் நூலை வெட்டவில்லை.

பால் சொம்போடு வந்த குருவம்மாள் நின்று பார்த்தாள்.

"வீட்டுக்குள்ள மாட்டுற படத்துல செருப்பு எதுக்குட்டி?"

வெங்கடேஸ்வரி தலை நிமிரவில்லை. பசை காயும்வரை கடைசி இழையை விரலால் அழுத்திப் பிடித்திருந்தாள்.

"அவிய பூட்சு போட்டுருக்காகல்ல அத்தை. நானும் கூட நடக்கணும்ல."

குருவம்மாள் படத்தைப் பார்த்தாள். வாசலைப் பார்த்தாள். பாலை அடுப்பில் வைக்கப் போனாள்.