கேமராவும் கொக்கியும்

ஹியரிங்குக்கு முதல் நாளே மறுப்பு ஆர்டரை டைப் செய்து வைத்திருந்தேன். பேட்டண்ட் ஆபீஸில் விண்ணப்பங்களை ஏற்பதா மறுப்பதா என்று முடிவு செய்யும் கன்ட்ரோலராக இருந்த காலத்தில் நான் வெட்கப்படும் காரியம் அதுதான். இப்போது சேர்ந்திருக்கும் எக்ஸாமினர்கள் படிக்கட்டும் என்றே எழுதுகிறேன்.

விண்ணப்பதாரர் அன்னவாசல் ரகமத். போர்வெல்லுக்குள் விழுந்த மோட்டாரை எடுத்துக் கொடுப்பது அவருக்கும் கணவருக்கும் தொழில். உள்ளே இறக்கும் கேமராவையும், மோட்டாரை மாட்டித் தூக்கும் கொக்கியையும் ஒரே குழாயில் பொருத்தி, மேலே ஒரு திரையும் வைத்து, எல்லாம் சேர்ந்த ஒரே வீடியோ கருவியாகக் கிளெய்ம், அதாவது பேட்டண்ட் உரிமை, கேட்டிருந்தார். கேமரா பழசு, அது முன்பே இருந்ததைக் காட்ட ஒரு ஆவணம். கொக்கி பழசு, அதற்கு இன்னொன்று. படத்தை நிறுத்திக் காட்டும் திரையும் பழசு. ஆகவே மூன்றையும் சேர்ப்பது இத்தொழிலில் உள்ள யாருக்கும் தோன்றக்கூடியதே, புதுக் கண்டுபிடிப்பு அல்ல என்று ரிப்போர்ட் அனுப்பினேன். நானும் புதுக்கோட்டைக்காரன், எத்தனை போர்வெல் பார்த்திருக்கிறேன் என்ற மிதப்பு வேறு.

வீடியோ கான்பரன்ஸில் வக்கீல் இல்லாமல் அவரே வந்தார். அவருடைய கருவியைப் பார்த்து ஒரு கம்பெனி அதேபோலச் செய்ய ஆரம்பித்திருந்தது. நான் மறுத்துவிட்டால் அதைத் தடுக்க அவருக்கு வழியே கிடையாது.

"மூணும் பழசுதான் சார், நான் இல்லேங்கல. ஆனா கொக்கி பட்ட ஒடனே அடியில கெடக்குற சேறு கலங்கிரும். கேமராவுல ஒண்ணுமே தெரியாது. அதான் கேமராவ மேல எடுத்துட்டுத்தான் எல்லாரும் கொக்கிய எறக்குவாங்க. ரெண்டையும் ஒண்ணா எறக்குனா கிறுக்கும்பாங்க."

"அப்ப நீங்க மட்டும் எப்படி இறக்குறீங்க?"

"கலங்குறதுக்கு முன்னாடி வந்த கடைசிப் படத்தத் திரையில நிறுத்திருவேன். கொக்கி எவ்வளவு எறங்குது, எங்கிட்டுத் திரும்புதுன்னு அந்தப் படத்து மேலயே கோடு காட்டும். நீங்க காட்டுன ரெண்டாவது ஆவணத்துல கடைசிப் பக்கத்தக் கொஞ்சம் பாருங்க சார்."

புரட்டினேன். கேமராவையும் கொக்கியையும் சேர்த்து இறக்கக் கூடாது என்று தெளிவாக அச்சாகியிருந்தது. எனக்குத் தோதான பத்தியை மட்டும் படித்திருக்கிறேன்.

"என் விண்ணப்பத்தப் படிச்சிட்டு அப்பறந்தான் சுளுவுங்குறீங்க. வெடையப் பாத்துட்டு கணக்குப் போட்டா சுளுவாத்தான் இருக்கும்." கோபமே இல்லாமல் சொன்னார். எனக்குத்தான் முகம் சுட்டது.

டைப் செய்ததை அழித்துவிட்டு, கிளெய்மை அனுமதித்தேன்.

ரிட்டயர் ஆன பிறகு, போன மாதம், நார்த்தாமலைப் பக்கம் என் தோட்டத்து மோட்டார் கயிறு அறுந்து போர்வெல்லுக்குள் விழுந்தது. எடுக்க வந்தவர்கள் அதே கருவியை இறக்கினார்கள். சேறு கலங்கிப் பாதித் திரை இருண்டது. மறுபாதியில் நின்றிருந்த படத்தின் மேல் கோடு நகர்ந்து போய் மோட்டாரைத் தொட்டது. மோட்டார் மேலே வந்தது.

பக்கத்துத் தோட்டக்காரர் எட்டிப் பார்த்தார். "இதுல என்னங்க பெருசா இருக்கு? கேமராவையும் கொக்கியையும் சேத்துக் கட்டிருக்காங்க. யாருக்குந்தான் தோணும்."

என் ரிப்போர்ட்டில் இருந்த அதே வாக்கியம்.

"எனக்கும் அப்படித்தாங்க இருந்துச்சு, கடைசிப் பக்கத்தப் படிக்கிற வரைக்கும்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. உங்களுக்குப் புரிந்தால் போதும். அந்த அம்மா அன்று புரட்டச் சொல்லாமல் இருந்திருந்தால், அந்த வாக்கியம் என் கையெழுத்தோடு ஆர்டராகப் போயிருக்கும். போகவிடாமல் காப்பாற்றியதற்கு அவருக்கு இன்றும் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.