அயன் பகுதியில் பத்து நிமிடம்

வத்தளையில் ஒரு தைத்த ஆடைத் தொழிற்சாலையில் சுபாஷினி எட்டு வருடமாக நேர்ஸ். கொட்டாஞ்சேனையில் ஏறினால் வேலை இடம்வரை பஸ்ஸில் நின்றபடிதான் போக வேண்டும். சிக் ரூமில் இரண்டு கட்டில், ஓர் அலுமாரி நிறையப் பனடோல். வருகிறவளுக்கு மாத்திரை கொடுத்து, பத்து நிமிடம் படுக்கவைத்து, திருப்பி வேலைக்கு அனுப்ப வேண்டும். அதற்குத்தான் சம்பளம்.

சித்திரை வெயில் கொளுத்திய ஒருநாள், சீனியம்மாவை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்தார்கள். அயன் பகுதியில் ஆவி பறக்கும் இஸ்திரிப் பெட்டியால் உடுப்பு மினுக்குகிறவள். அந்தக் கிழமை இது மூன்றாவது மயக்கம்.

"காலையில சாப்பிட்டீங்களா அக்கா?"

"சாப்பிட்டேன் மிஸ். அங்க வந்து நின்னு பாருங்க, ஏன்னு தெரியும்."

அதற்குள் சுப்பர்வைசர் கிளெமென்ற் கதவால் தலையை நீட்டினார். "முடிஞ்சுதா மிஸ்?"

சுபாஷினிக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. "இன்னைக்கு இவங்க வரமாட்டாங்க சேர்" என்றாள்.

பின்னேரம் பதிவுப் புத்தகத்தைப் புரட்டினாள். இரண்டு மாதத்தில் மயங்கியவர்கள் பத்தொன்பது பேர்; பதினாறு பேர் அயன் பகுதி. எல்லாம் அவள் கையெழுத்து. எழுதினாளே தவிர, ஒருநாளும் திருப்பி வாசித்ததில்லை. வெட்கமாயிருந்தது.

புத்தகத்தோடு மனேஜர் ரிஷாத்திடம் போனாள். பொல்லாத மனிதரில்லை.

"வெள்ளிக்கிழமை நலவாழ்வு நாள் வெச்சிருக்கிறோம். டொக்டர் ஒருத்தர் பேச வாறார். அதுல இதையும் கதைப்போம்."

"பேச்சு வேணாம் சேர். பத்து நிமிஷம் அயன் செக்ஷன்ல வந்து நில்லுங்க."

வந்தார். ஆறாவது நிமிடம் ஷர்ட் முதுகோடு ஒட்டியது. சுவரில் ஓடாமல் நின்ற பெரிய விசிறியை அண்ணாந்து பார்த்தார்.

"இது எப்ப இருந்து?"

சீனியம்மா கையை நிறுத்தவில்லை. "பொங்கலுக்கு முந்தி இருந்து சேர். சொன்னோம்."

இரண்டு கிழமையில் புது விசிறி வந்தது. அடுத்த மாதம் மயங்கியவர்கள் இரண்டே பேர். சுபாஷினிக்குச் சந்தோஷம்தான், ஆனால் அதைக் கொண்டாட உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை தையல் வரிசையிலிருந்து ஒருத்தி வந்தாள். சிறுநீர் எரிவு. பாத்ரூமுக்கு விடுகிறார்களில்லை என்றாள். இரண்டு நாளில் இதே முறைப்பாட்டோடு வந்த நான்காவது ஆள். சுபாஷினி பதிவுப் புத்தகத்தில் எழுதி, முன் பக்கத்தையும் திருப்பி வாசித்தாள். பிறகு செருப்பைக் கொழுவிக்கொண்டு மனேஜரின் அறைக்கு நடந்தாள்.