உட்காராமல் ஏறுவேன் என்ற பொருத்தனை

மூன்றாம் நாள் என்றாலே அப்போதெல்லாம் எனக்குப் பயம். சகோதரிகளே, லண்டனில் புது ராஜாவுக்கு முடிசூட்டிய வருஷத்தில் நான் பட்ட பாட்டை மறைக்காமல் சொல்கிறேன். அம்பாசமுத்திரத்துக்கு மேலே மலையில் இருக்கும் காப்பித் தோட்டத்துப் பெண்களுக்கு எழுத்தும் வேதமும் சொல்லிக்கொடுப்பது என் வேலை. மாதம் ஒரு தரம் ஏறுவேன். என் நடை எப்போதும் ஓட்டம்தான். இறங்கி வந்த மூன்றாம் நாள் தொண்டை கட்டும், உதடு வெடிக்கும், காய்ச்சல் நெருப்பாய்க் காயும்.

மலைக்காய்ச்சல் என்று கொயினா மாத்திரை கொடுத்தார்கள். கேட்கவில்லை. என் அக்காள் இளைத்து இளைத்து, இருமி இருமிச் செத்தவள். என் ரவிக்கையும் தோளில் தொளதொளவென்று நிற்பதைப் பார்த்து, சேரன்மகாதேவியில் வாத்தியாராக இருக்கும் என் வீட்டுக்காரர் வாய்விட்டு அழுதார். "ஏட்டி எஸ்தர், இன்னும் ஒரு தடவை படுத்தியன்னா உன்னை மலைக்கு விடமாட்டேன். நீ போயிட்டா நான் என்னட்டி செய்வேன்?"

என் பிடிவாதம் ஊரறிந்தது. காய்ச்சல் என் பாவத்துக்கு வந்த தண்டனை என்று முடிவு கட்டிக்கொண்டேன். ஒரு பொருத்தனை செய்தேன்: அடிவாரத்திலிருந்து தோட்டம் சேரும்வரை வாயில் எதுவும் போடமாட்டேன், ஓரிடத்திலும் உட்காரமாட்டேன், ஆண்டவரே, இந்தக் காய்ச்சலை எடுத்துப்போடும். அப்படியே ஏறினேன். காய்ச்சல் முன்னிலும் மோசமாய் வந்தது. பாவத்தையெல்லாம் அறிக்கையிட்டேன். அது தீர்ந்தபிறகு செய்யாத பாவத்தையும் சேர்த்து அறிக்கையிட்டேன். ம்ஹூம், அதற்கும் அசையவில்லை.

ஐப்பசியில், இதுதான் கடைசி என்று வீட்டில் கெஞ்சிவிட்டுக் கிளம்பினேன். "கர்த்தாவே, கால்பலம் தாரும், சாகாமல் காத்தருளும்" என்று ஜெபித்துக்கொண்டே பாதி மலை போய்விட்டேன். மழை பிடித்தது. எதிரே ஓடை கரைபுரண்டு ஓடுகிறது, தாண்ட வழியில்லை. பக்கத்தில் மூங்கில் வெட்டுகிறவர்கள் போட்டுவைத்த குடிசை ஒன்று. தோட்டத்துக்கு அரிசி சுமக்கும் இசக்கி, என் வயதுக்காரி, அதில் ஒதுங்கியிருந்தாள். பொருத்தனையை விடாமல் நான் உட்காரவில்லை. வாசலில் நின்றபடியே ஆண்டவரோடு சண்டை போட்டேன். கால்பலம் கேட்டால் வழியை அடைத்துவிட்டீரே!

"அங்கன நின்னு யாரம்மா ஏசுதீய? வெள்ளத்தையா?" என்றாள் இசக்கி. பொருத்தனையைச் சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு அடக்கமுடியவில்லை. "அட பாவமே! மூட்டை தூக்குத நாங்களே நாலு எடத்துல உக்காந்துதான் போவோம். புதுசா மலைக்கு வாரவளை ரெண்டு நாளு குனிஞ்சு வேலை செய்யவே விடமாட்டோம். வந்த வேகத்துல வேலையில எறங்குனா மூணாம் நாள் காய்ச்சல்தான். பைய உக்காருங்க, இந்தக் கஞ்சியைக் குடிங்க."

மூணாம் நாள் என்று அவள் சொன்னதும் எனக்கும் அதே மூன்றாம் நாள்தானே என்று உறைத்தது. உட்கார்ந்தேன். குடித்தேன். அவள் சுட்டுக்கொடுத்த கருவாட்டின் வாசம் இன்னும் நினைவிருக்கிறது.

வெள்ளம் வடியும்வரை அங்கேயே தங்கிய இரண்டு நாளும் சொப்பனமாய்க் கழிந்தன. மேகம் ஒரு பக்கம் நுழைந்து, எங்கள் மடியில் சற்றுத் தங்கி, மறுபக்கமாய்ப் போனது. இசக்கியின் முகம் மறைந்தது, பிறகு பொட்டு மட்டும் தெரிந்தது, பிறகு சிரிப்பு. ஓடையின் இரைச்சலுக்குள் பாளையங்கோட்டைக் கோவிலில் எல்லாரும் கூடிப் பாடுவது கேட்டது. இந்தத் தண்ணீர்தான் இறங்கிப்போய் என் வீட்டுக்காரர் குளிக்கும் படித்துறையைத் தொடும் என்று நினைத்தபடியே தூங்கிப்போவேன். விழித்தால் மேகம். விழித்தேனா இல்லையா என்றே தெரியாது. நான் ஜெபிக்கக்கூட இல்லை. யாரோ என்னை மடியில் போட்டுக்கொண்டிருப்பது மட்டும் தெரிந்தது.

வெள்ளம் வடிந்தது. இசக்கி பின்னாலேயே நடந்தேன். அவள் மூட்டையை இறக்கிய இடத்திலெல்லாம் நானும் உட்கார்ந்தேன். மேலே பாடம் சொல்லிவிட்டு அதேபோலப் பைய இறங்கினேன்.

வீட்டில் மூன்றாம் நாள். என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடம் போகாமல் என் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். காலையில் நெற்றியைத் தொட்டார். மத்தியானம் தொட்டார். சாயந்திரம் மறுபடியும் தொட்டார். "குளுந்து கிடக்குட்டி" என்றார். இருவரும் முழங்காலில் விழுந்தோம்.

ஆஸ்பத்திரி டாக்டர் பிறகு விளக்கினார். மேலே காற்று லேசாம், குளிரும் ஜாஸ்தி. பழகாத உடம்பை அங்கே பசியோடு விரட்டினால், நோயை எதிர்த்து நிற்கும் பலம் சில நாள் தளர்ந்துபோகுமாம். அந்த நேரம் பார்த்துச் சளியும் காய்ச்சலும் புகுந்துகொள்ளுமாம். டாக்டருக்குத் தெரிந்திருக்கிறது, இசக்கிக்கும் தெரிந்திருக்கிறது. என் மண்டையில் ஏறுவதற்கு ஒரு ஓடையே பெருக வேண்டியிருந்தது.

ஆறு வருஷமாய் ஏறுகிறேன். இசக்கி இன்னும் தன் அம்மனைத்தான் கும்பிடுகிறாள். அவள் மூட்டையை இறக்கும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்தோத்திரம் சொல்லிக்கொள்கிறேன். "இன்னைக்கும் பிந்தித்தான் வாரீயளா?" என்று தோட்டத்துப் பெண்கள் கேலி செய்கிறார்கள். பிந்தித்தான் போகிறேன். காய்ச்சல் இல்லாமல் திரும்புகிறேன்.

சகோதரிகளே, தைரியமாய்க் கேளுங்கள். அவர் காது கொடுக்கிறார். நான் கால்பலம் கேட்டேன், அவர் உட்கார இடம் கொடுத்தார். உங்களையும் வழியில் எங்காவது நிறுத்திவைத்திருந்தால் என்னைப்போல் சண்டை போடாதீர்கள். அங்கே யார் கஞ்சி வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.